அண்ணல் அம்பேத்கரும் பொறை என்னும் பாரமிதையும்

இந்நாட்டில் தாழ்த்தப்பட்ட மக்களுக்குப் பொறுமையைப் போதித்தவர்களுக்கு எக்காலத்தும் பஞ்சம் இருந்ததில்லை. அடித்தவனிடம் சென்று ஏன் அடித்தாய் என்று கேட்கத் துணிவில்லாதவர்கள், அடிபட்டவனிடம் வந்து பொறுத்துக்கொள்ளுமாறு புத்தி சொல்லிச் சென்றார்கள். ஆகையால் சினம் விடுதல், பகை மறத்தல், மன்னித்தல் என்னும் சொற்கள் காதில் விழுந்த மாத்திரத்திலேயே நம் இளைஞர்கள் முகம் சுளிப்பார்களாயின் அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. தனிக் குவளை, தனிச் சுடுகாடு, ஊர்த் தெருவில் செருப்பணியத் தடை என்பனவற்றைத் தம் பாட்டன்மார் வாயிலாகக் கேட்டும், சிலவற்றைத் தாமே கண்டும் வளர்ந்தவர்கள் அவர்கள்.

ஆயினும் இவ்வறத்தை நமக்குச் சொல்ல முழுத் தகுதி வாய்ந்தவர் ஒருவர் உண்டு. சினங்கொள்ள அவருக்கு இருந்த காரணங்கள் நம்மில் எவருக்கும் குறைந்தவை அல்ல. அவர் தம் இறுதி ஆண்டுகளில் எழுதிய பெருநூலில் சினத்தைப் பற்றியும் பகையைப் பற்றியும் புத்தர் பெருமான் அருளியவற்றைத் தேர்ந்தெடுத்துத் தனித் தலைப்பிட்டுத் தொகுத்தார். அவரே அண்ணல் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர். அவர் பெற்ற பட்டங்களையும் வகித்த பதவிகளையும் இம்மலரின் வாசகர்கள் நன்கறிவர். அவற்றை ஈண்டு விரிக்கப் புகவில்லை. அவர் தம் சினத்தை என்ன செய்தார் என்னும் ஒரு பொருளை மட்டுமே அவர் வரலாற்றினின்று எடுத்துக் காண்போம்.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மோவ் என்னும் படைவீரர் குடியிருப்பில் அவர் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால் படையில் சுபேதாராக இருந்தவர். தாயார் பீமாபாய். பெற்றோருக்கு அவர் பதினான்காவது குழந்தை. மகர் என்னும் குலத்தில் பிறந்தமையால் தீண்டத்தகாதவர் என்று எண்ணப்பட்டார். சதாராவில் பள்ளியில் பயின்றபோது அவரும் தண்ணீர்க் குழாயைத் தொடலாகாது. பள்ளிச் சேவகன் திறந்துவிட்டால் குடிக்கலாம். சேவகன் வாராத நாளில் தாகத்தோடு வீடு திரும்பவேண்டியதுதான். ஊர் நாவிதர் தலையில் கை வைக்க மறுத்தமையால் அவருக்கு முடி வெட்டியவர் அவருடைய தமக்கையார்.

1901இல் நிகழ்ந்த ஒன்றை அவர் தம் வாழ்நாளெல்லாம் மறக்கவில்லை. தந்தையார் அப்போது கோரேகானில் பணியிலிருந்தார். விடுமுறைக்கு அவரிடம் செல்வதற்காகச் சிறுவன் பீமனும், அண்ணனும், தமக்கையின் மக்கள் இருவரும் புத்தாடை அணிந்து புகைவண்டியேறி மசூர் நிலையத்தில் இறங்கினார்கள். தந்தையார் அனுப்புவார் என்று எதிர்பார்த்திருந்த ஆள் வரவில்லை. நல்ல உடையணிந்த பிள்ளைகளைக் கண்டு அன்புடன் விசாரித்த நிலைய அதிகாரி, மகர் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மாறி அகன்றார். மாட்டுவண்டிக்காரர் எவரும் ஏற்றிக்கொள்ள இசையவில்லை. முடிவில் இரட்டைக் கூலி பேசி, வண்டியைப் பிள்ளைகளே ஓட்டுவது, வண்டிக்காரன் உடன் நடந்து வருவது என்று ஏற்பாடாயிற்று. கையில் கட்டுச்சோறு இருந்தது. குடிக்கத் தண்ணீர்தான் இல்லை. வழியில் கேட்ட இடத்தில் எவரும் தரவில்லை. தண்ணீரின்றி உண்ண இயலாமல், சோற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நால்வரும் பட்டினியோடு உறங்கினார்கள். அப்போது பீமனுக்கு வயது பத்து நிரம்பியிருக்காது, அன்றேல் அப்போதுதான் நிரம்பியிருக்கும்.

படிப்பு உயர்ந்தால் இழிவு நீங்கும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கல்விச் சங்கத்தார் ஆகிய நாம் அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆனால் 1917இல் பரோடாவில் நேர்ந்ததை நோக்குங்கள். அமெரிக்காவில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் பின் இலண்டனிலும் பயின்று திரும்பிய அவர், கல்விக்கு உதவிய பரோடா மன்னரின் ஆட்சியில் பணியேற்கச் சென்றார். அந்நகரில் தங்க இடமில்லை. பார்சியர் விடுதியொன்றில் பார்சிப் பெயரைப் பதிந்துகொண்டு தங்கினார். பதினோராம் நாள் காலையில் கையில் தடியேந்திய பன்னிருவர் வந்து சூழ்ந்து, விடுதியைத் தீட்டுப்படுத்திவிட்டதாக அதட்டி, மாலைக்குள் வெளியேறுமாறு மிரட்டினார்கள். அலுவலகத்திலோ ஏவலாளர்கள் கோப்புகளை எட்ட நின்று மேசைமேல் எறிந்தார்கள். நண்பர் இருவரிடம் இடம் கேட்டும் கிடைக்காத அவ்வறிஞர், நகரின் பொதுப் பூங்காவில் அமர்ந்து காலம் போக்கி, இரவு வண்டியேறிப் பம்பாய்க்குத் திரும்பினார். பல்லாண்டு கழித்தும் கண்ணீரின்றி அந்நாளை நினைக்க இயலவில்லை என்று அவர் எழுதி வைத்திருக்கிறார்.

இத்தகைய அவமானங்களை அடைந்த மனிதர் எவ்வழியில் போதல் கூடும்? தன்னைத் தானே வெறுத்து ஒடுங்கிப் போகலாம். வெறி கொண்டு எதிரியின் வீட்டுக்குத் தீ வைக்கலாம். மேல்நிலைக்கு வந்தபின் தன் மக்களை மறந்துவிட்டுத் தான் மட்டும் தப்பிக்கலாம். மூன்றாம் வழி மிகவும் எளிது. படித்த நம்மவர் சிலர் இன்றும் அதிலேதான் செல்கிறார்கள் என்பதை வருத்தத்தோடு குறிக்க வேண்டியுள்ளது. அண்ணல் இம்மூன்றிலும் செல்லவில்லை. மீண்டும் இலண்டன் சென்று படிப்பை முடித்து 1923இல் திரும்பினார். 1924 சூலையில் ஒதுக்கப்பட்டோர் நலனுக்கென ஒரு சபையைத் தொடங்கினார். அச்சபை 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி ஒன்றைத் திறந்தது. சினத்தின் முதல் விளைச்சல் ஒரு மாணவர் விடுதி!

இனி மகாத் நிகழ்ச்சிக்கு வருவோம். அண்ணலின் உள்ளத்தை உள்ளபடி காட்டும் கண்ணாடி என்று நான் கருதுவது அதனையே.

மகாத் என்பது கொங்கண நாட்டில் உள்ள ஒரு சிற்றூர். அங்குள்ள சவதார் குளத்தில் எச்சமயத்தவரும் தண்ணீர் எடுத்தனர். ஆடுமாடுகளும் குடித்தன. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டோர் மட்டும் அணுகலாகாது. பொதுக் குளங்களையும் கிணறுகளையும் அவர்களுக்கும் திறந்துவிட வேண்டுமெனப் பம்பாய்ச் சட்டசபை 1923இலேயே தீர்மானித்தது. மகாத் நகரசபையும் அதற்கு இசைந்து 1924இல் தீர்மானம் இயற்றியது. எனினும் தீர்மானம் ஏட்டிலேயே கிடந்தது.

1927 மார்ச்சு 19, 20 ஆகிய நாட்களில் அவ்வூரில் மாநாடு கூடியது. ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். இரண்டாம் நாள் அண்ணல் முன் நடக்க, மக்கள் வரிசை வரிசையாகக் குளக்கரை சேர்ந்தார்கள். அவர் குனிந்து கையால் நீரை அள்ளிக் குடித்தார். பின்வந்தோரும் குடித்தார்கள். ஒரு கை நீர்! நூற்றாண்டுகளாக மறுக்கப்பட்டது அவ்வளவே. அமைதியாக மாநாட்டுப் பந்தலுக்குத் திரும்பினார்கள்.

இரண்டு மணி நேரம் சென்றது. அடுத்து இவர்கள் கோயிலுக்குள் புகப் போகிறார்கள் என்று எவரோ வதந்தியைக் கிளப்பிவிட்டனர். தடிகளோடு கூட்டம் திரண்டது. பந்தலில் உண்டுகொண்டிருந்தோர் மீதும், மூட்டை கட்டி ஊர் திரும்பிக்கொண்டிருந்தோர் மீதும் பாய்ந்தது. சோறு மண்ணில் சிந்திற்று. பெண்களும் அடிபட்டனர். சிலர் இசுலாமியர் வீடுகளில் புகுந்து உயிர் தப்பினர். ஏறக்குறைய இருபது பேர் கடுமையாகக் காயமுற்றனர்.

பயணியர் மாளிகையில் இருந்த அண்ணலிடம் செய்தி வந்தது. அவரைச் சுற்றி அப்போது நூற்றுக்கணக்கானோர் இருந்தார்கள். அவர்களுள் பலர் படையில் பணியாற்றியவர்கள். போர்க்களம் கண்ட அவர்களுக்குத் தடிக்கூட்டம் ஒரு பொருட்டன்று. கண் சிவந்து, ஒரு சொல் பிறக்காதா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அச்சொல் பிறந்திருந்தால் அன்று மகாத் இரத்தக் களமாகியிருக்கும். அவர் அச்சொல்லைச் சொல்லவில்லை. கை ஓங்கலாகாது என்று கட்டளையிட்டார். அவர்கள் கட்டுப்பட்டார்கள்.

இதனைக் கோழைத்தனம் என்பார் உளரேல், பின் நடந்ததையும் அறிதல் வேண்டும். அவர் காயமுற்றோரைக் கவனித்தார். காவல் துறையிடம் முறையிட்டார். விசாரணை நடந்து, அவ்வாண்டு சூன் மாதம் தாக்கியவருள் ஐவருக்கு நான்கு மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. அடித்தவனைத் திருப்பி அடிக்கவுமில்லை, அடித்தவனை விட்டுவிடவுமில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பாதை உண்டென்பதை அவர் அன்றே காட்டினார். தண்டித்தல் சட்டத்தின் கடமை. தன் மக்களின் கையை இரத்தக்கறை படாமல் காத்தல் தலைவனின் கடமை.

எதிர்தரப்பார் சும்மா இருந்தார்களா? பால், தயிர், சாணம், கோமூத்திரம் ஆகியன நிரப்பிய 108 குடங்களைக் குளத்தில் கவிழ்த்து மந்திரம் ஓதித் தீட்டுக் கழித்தார்கள். மாட்டின் மூத்திரம் தூய்மை செய்யும், மனிதனின் கை தீட்டாக்கும் என்னும் இச்செய்தி அடியினும் கொடியது. நகரசபை தன் தீர்மானத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டது.

மீண்டும் அறப்போர் நடத்துவதென்று முடிவாயிற்று. அவ்வேளையில் பிராமணரல்லாதார் தலைவர்கள் இருவர் ஆதரவளிக்க முன்வந்து, ஒரு நிபந்தனை விதித்தார்கள். போராட்டத்தில் பிராமணர் எவரையும் சேர்க்கக்கூடாது என்பது அந்நிபந்தனை. பழிதீர்க்கும் எண்ணமுடையவர் உடனே ஏற்றிருப்பார். அண்ணல் ஏற்கவில்லை. தம் எதிர்ப்பு பிறப்பால் பிராமணராயினார் மீதன்று, உயர்வு தாழ்வு என்னும் எண்ணத்தின் மீதே என்றும், அவ்வெண்ணம் எவரிடம் இருப்பினும் எதிர்க்கத்தக்கதே என்றும் விளக்கி மறுத்துவிட்டார். 1927 டிசம்பர் 25ஆம் நாள் இரவு மகாதில் மனுநூல் எரியூட்டப்பட்டபோது அத்தீர்மானத்தில் முன்னின்றவர் கங்காதர் சகஸ்ரபுத்தே என்னும் பிராமணரே. அண்ணலின் பெருஞ்சினம் அன்று எரித்தது ஓர் ஏட்டை. எந்த மனிதன் மீதும் அத்தீயின் பொறி விழவில்லை.

அம்மாநாட்டுக்கு முன்பே, குளம் தனியார் சொத்தென்று கூறி எதிர்தரப்பார் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றிருந்தனர். சிறை செல்லவும் ஆயத்தமாக வந்திருந்த மக்களை அண்ணல் தடுத்து, வழக்கைச் சந்திப்போம் என்றார். வழக்கு பத்தாண்டு நீண்டது. 1937 மார்ச்சு 17ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றம் தாழ்த்தப்பட்டோர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு கைத் தண்ணீருக்குப் பத்தாண்டு! அப்பத்தாண்டும் அவர் தம் சினத்தை அணையவிடவுமில்லை, காட்டுத்தீயாகப் பரவவிடவுமில்லை. அடுப்புத் தீயைப் போல் காத்துவந்தார்.

இவ்விடத்தில் பௌத்த நூல்களில் உள்ள ஒரு பழங்கதையை நினைவுகூர்தல் பொருந்தும். கோசாம்பி நகரில் பிக்குகள் தமக்குள் பிணங்கிக் கட்சி கட்டி நின்றபோது புத்தர் பெருமான் அவர்களுக்கு எடுத்துரைத்த கதை அது. காசி மன்னன் பிரமதத்தன் கோசல நாட்டைக் கைப்பற்றினான். நாடிழந்த கோசல மன்னன் தீகீதியும் அரசியும் மாறுவேடத்தில் வாரணாசியில் ஒரு குயவன் வீட்டில் ஒளிந்து வாழ்ந்தனர். அவர்களுக்குப் பிறந்தவன் தீகாவு. பழைய ஊழியன் ஒருவன் காட்டிக்கொடுக்க, மன்னனும் அரசியும் கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். கூட்டத்தினிடையே மகனைக் கண்ட தந்தை, பகையை நீள வளர்க்காதே, அவசரப்பட்டு நட்பை முறிக்காதே, பகையால் பகை தணியாது என்னும் கருத்துப்பட மறைமொழியாகக் கூறிவிட்டு மாண்டான்.

தீகாவு அழுதான். பின் யானைப் பாகனிடம் பணிக்குச் சேர்ந்து, இசையால் மன்னன் நெஞ்சைக் கவர்ந்து, அவனுக்கு நெருங்கிய ஏவலனானான். ஒருநாள் வேட்டையில் தனித்துவிட்ட மன்னன் களைப்பால் தீகாவுவின் மடியிலேயே தலைவைத்து உறங்கினான். பெற்றோரைக் கொன்றவன் மடியில் கிடக்கிறான். தீகாவு மும்முறை வாளை உருவினான். மும்முறையும் தந்தையின் சொல்லை நினைந்து வாளை உறையிலிட்டான். விழித்தெழுந்த மன்னன் உண்மையறிந்து நடுங்கி உயிர்ப்பிச்சை கேட்டான். இருவரும் ஒருவருக்கொருவர் உயிரளித்துக்கொண்டனர். மன்னன் கோசல நாட்டையும் படையையும் கருவூலத்தையும் திருப்பியளித்துத் தன் மகளையும் மணம்செய்து கொடுத்தான்.

இக்கதையைப் பொறுமைக்குச் சான்றாகக் கூறுவோர் அதன் இரு பகுதிகளை விட்டுவிடுவதுண்டு. தீகாவு மன்னித்தபோது வாள் அவன் கையில் இருந்தது. வலிமையற்றுக் காலில் விழுந்து கிடந்தவன் செய்த மன்னிப்பன்று அது. அடுத்து, பறிபோன நாடு திரும்பி வந்தது. பறித்தவன் பறித்ததை வைத்துக்கொண்டிருக்க, பறிகொடுத்தவன் மட்டும் பகையை மறந்துவிட வேண்டும் என்று புத்தர் பெருமான் சொல்லவில்லை. பகையை விடுதல் வேறு, உரிமையை விடுதல் வேறு. அண்ணலின் வாழ்க்கையை இக்கதையின் பக்கத்தில் வைத்துப் பார்ப்போர்க்கு இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படும்.

1932இல் அவருக்கு மற்றொரு சோதனை வந்தது. வட்டமேசை மாநாடுகளில் நம் இரட்டைமலை சீனிவாசன் அவர்களோடு சேர்ந்து வாதாடிப் பெற்ற தனித்தொகுதி உரிமையை எதிர்த்து, காந்தியடிகள் எரவாடா சிறையில் செப்டம்பர் 20ஆம் நாள் உண்ணாநோன்பு தொடங்கினார். நாடு முழுவதும் அண்ணலைக் கொலைகாரனாகப் பார்த்தது. மிரட்டல்கள் குவிந்தன. செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டார். தனித்தொகுதி போயிற்று. அரசு அறிவித்திருந்த 71 இடங்களுக்கு மாறாக 148 ஒதுக்கீட்டு இடங்கள் கிடைத்தன. நம் நாட்டுத் தலைவர்களான இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. இராஜாவும் அதில் கையொப்பமிட்டவர்களே. ஒருவரின் உயிரைக் காக்கத் தம் மக்களின் உரிமையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்த அச்செயலுக்காக அண்ணல் பின்னாளில் மிகவும் வருந்தினார். 1945இல் காங்கிரசையும் காந்தியடிகளையும் பற்றி அவர் எழுதிய நூல் அனல் கக்கும் நூல். ஆகவே அவர் சினத்தை அறவே வென்ற முனிவர் என்று எழுதுவது முகத்துதியாகும். உடனிருந்தோரும் அவரைச் சட்டென வெகுளும் இயல்பினர் என்றே குறித்துள்ளனர். அவர் பேனாவில் சினம் இறுதிவரை இருந்தது. ஆனால் அச்சினம் வாதமாக, சான்றாக, புள்ளிவிவரமாக வெளிப்பட்டது.

1935 அக்டோபர் 13ஆம் நாள் இயோலா மாநாட்டில், இந்துவாகப் பிறந்த தாம் இந்துவாக இறக்கப் போவதில்லை என்று அறிவித்தார். அன்று எல்லாச் சமயத்தாரும் அவரை நாடி வந்தனர். வெறுப்பினால் மட்டும் உந்தப்பட்டவராக இருந்திருப்பின், மறுநாளே ஒரு மதத்தில் சேர்ந்து எதிரிகளைக் கலங்க வைத்திருக்கலாம். அவரோ 21 ஆண்டுகள் ஆய்ந்தார். விட்டு ஓடுவது எளிது. எங்கே போய்ச் சேர்வது என்பதல்லவா வினா?

பௌத்தம் அவருக்குப் புதிதன்று. 1907இல் மெட்ரிகுலேசன் தேறியபோது கேளுஸ்கர் என்னும் பெரியார் தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அச்சிறுவனுக்குப் பரிசளித்தார். பின்னாளில் பம்பாய் தாதரில் கட்டிய தம் இல்லத்துக்கு, புத்தர் உலவிய நகரின் பெயரான இராசகிருகம் என்பதையே அண்ணல் சூட்டினார். இவ்விடத்தில் தமிழர்களாகிய நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தியும் ஒன்றுண்டு. சென்னைப் பேராசிரியர் பொ. இலட்சுமி நரசு 1907இல் ஆங்கிலத்தில் எழுதிய பௌத்த நூலைத் தேடியெடுத்து, 1948இல் முன்னுரை எழுதி மறுபதிப்புச் செய்தவர் அண்ணலே. அந்நரசுவோடு பௌத்தப் பணி புரிந்த பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுச் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியவர். அண்ணல் நாகபுரியில் தீட்சை பெறுவதற்கு 58 ஆண்டுகளுக்கு முன்னரே நம் தமிழகத்தில் அவ்விளக்கு ஏற்றப்பட்டுவிட்டது.

அதற்கும் முந்திய சுவடுகள் நம் காலடியிலேயே உள்ளன. நம் மாவட்டத்து ஓகளூரிலும், அரியலூர்ப் பக்கத்து விக்கிரமங்கலத்திலும், ஆத்தூரை அடுத்த தியாகனூரிலும் புத்தர் பெருமானின் கற்சிலைகள் இருக்கின்றன. தமிழில் எழுந்த பௌத்தப் பெருங்காப்பியமாகிய மணிமேகலையிலும் நம் பொருளுக்கு ஏற்ற ஒரு பகுதி வருகின்றது. மகனை இழந்த சோழன் தேவி, குற்றமற்ற மணிமேகலையை வதைக்கிறாள். அறிவை மயக்க மருந்தூட்டுகிறாள், பட்டினி போடுகிறாள். எதனாலும் கெடாத மணிமேகலை, முடிவில் அஞ்சித் தன்னைப் பணிந்த அரசியைத் தேற்றி அறம் உரைக்கிறாள். அவ்விளநங்கைதான் முன்னரே அரசனிடம் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தருமாறு வரம் கேட்டுப் பெற்றவள். பொறை என்னும் அறம் வடக்கிலிருந்து நமக்கு இறக்குமதியான சரக்கன்று.

வரலாற்றுக்குத் திரும்புவோம். 1946 டிசம்பர் 17ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் எழுந்தபோது, பழைய பகைவர் பலரும் அவர் வாயிலிருந்து நெருப்பையே எதிர்பார்த்தார்கள். அவர் பேசியதோ நாட்டின் ஒற்றுமையை. பிரிந்து கிடக்கும் அனைவரும் ஒன்றாக நடக்கும் வழியைத் தேட வேண்டுமென்றார். சபை வியப்பில் ஆழ்ந்தது. அடுத்த ஆண்டு, தாம் வாழ்நாளெல்லாம் எதிர்த்துவந்த கட்சியினர் அழைக்க, சட்ட அமைச்சரானார். 1947 ஆகஸ்டு 29ஆம் நாள் அமைந்த வரைவுக் குழுவின் தலைமையும் அவரிடம் வந்தது.

வாள் கையில் வந்த வேளை அதுவே என்று சொல்லலாம். அவர் எழுதியது என்ன? 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்து, அதனைக் கடைப்பிடிப்பதைக் குற்றமாக்கியது. எந்தச் சாதியையும் பழிவாங்க அதில் ஒரு சொல்லும் இல்லை. சமத்துவம் என்னும் உரிமை அவருக்குத் தண்ணீர் தர மறுத்தவர்களின் பேரப் பிள்ளைகளுக்கும் அச்சட்டத்தில் அளிக்கப்பட்டிருக்கிறது. மசூர் வழியில் தாகத்தோடு உறங்கிய சிறுவன் எழுதிய விடை அது.

தனி வாழ்விலும் அவர் வெறுப்பைச் சேர்த்து வைக்கவில்லை. பள்ளியில் தம்மிடம் பரிவு காட்டிய பிராமண ஆசிரியரை இறுதிவரை நன்றியோடு நினைத்தார். முதல் மனைவி இரமாபாய் 1935இல் மறைந்தபின், நெடுங்காலம் கழித்து 1948இல் அவர் மணந்துகொண்ட மருத்துவர் சாரதா கபீர் பிராமண குலத்தில் பிறந்தவர்.

அவருடைய கடைசி நூல் புத்தரும் அவர் தம்மமும் என்பது. அதில் பத்துப் பாரமிதைகளை விளக்குமிடத்தில் சாந்தி எனப்படும் பொறையை, வெறுப்புக்கு வெறுப்பை மாற்றாகத் தராதிருத்தல் என்று பொருள் கூறுகிறார். வீரியம் எனப்படும் தளராத முயற்சியும் அதே பத்தினுள் ஒன்று. பொறை வேண்டும், முயற்சியை விடலாகாது. இரண்டும் ஒரே மாலையில் கோத்த மணிகள். கருணைக்கும் மேலாக மைத்திரியை அவர் வைக்கிறார். கருணை துன்புறுவோர் மீது செல்வது. மைத்திரியோ பகைவனையும் உள்ளிட்டு உயிர்கள் அனைத்தின்மீதும் செல்வது. அகிம்சையைப் பற்றி எழுதும்போதும் கொல்லும் விருப்பத்தையும் கொல்ல நேரும் தேவையையும் பிரித்துக் காட்டி, புத்தர் முன்னதையே விலக்கினார் என்று விளக்குகிறார். கொடியவனுக்கு அடிபணிவதை அவர் எங்கும் அறமாகச் சொல்லவில்லை.

1956 அக்டோபர் 14, அசோக விசயதசமி. நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்கள் வெள்ளாடை அணிந்து கூடினர். முதிய பிக்கு சந்திரமணி அவர்களிடம் அண்ணலும் துணைவியாரும் மும்மணிகளைச் சரணடைந்து பஞ்சசீலம் ஏற்றனர். பின் அண்ணல் தாமே மக்களுக்கு 22 உறுதிமொழிகளை வழங்கினார். பழைய தெய்வங்களையும் சடங்குகளையும் துறக்கும் உறுதிமொழிகளைப் பற்றியே பலரும் பேசுவர். பத்துப் பாரமிதைகளைக் கடைப்பிடிப்பேன் என்பதும், எல்லா உயிரிடத்தும் இரக்கம் கொள்வேன் என்பதும் அதே 22இல் உள்ளவை என்பதைப் பேசுவோர் சிலரே. வெறுப்புக்கு வெறுப்பைத் தராத பொறை அன்று இலட்சக்கணக்கானோர் ஏற்ற விரதங்களுள் ஒன்று.

அந்நகரைத் தேர்ந்தது அங்கு வேரூன்றிய ஓர் இயக்கத்தாரைச் சீண்டுவதற்காகவே என்று சிலர் பேசினார்கள். மறுநாள் உரையில் அண்ணல் அதை மறுத்தார். பண்டு பௌத்தத்தைப் பரப்பிய நாகர்கள் வாழ்ந்த மண் என்பதே தம் காரணமென்றும், பிறரைச் சீண்டுவதில் செலவிடத் தமக்கு நேரமில்லை என்றும் விளக்கினார். நாட்டுக்கு மிகக் குறைந்த தீங்கு தரும் வழியையே தேர்வேன் என்று முன்னொருகால் காந்தியடிகளிடம் தாம் கூறியிருந்ததையும் அந்நாட்களில் நினைவூட்டினார். தம் மக்களை விடுவித்துக்கொள்ளும்போதும், விட்டுச் செல்லும் வீட்டுக்குத் தீ வைக்காமல் சென்றார்.

தம்மைத் துன்புறுத்தியோரை மன்னித்துவிட்டதாக அவர் அறிவித்துக்கொண்டவர் அல்லர். கோரேகான் வழியையும் பரோடாப் பூங்காவையும் அவர் மறக்கவுமில்லை. பிறர் மறந்துவிடலாகாது என்றே எழுதியும் வைத்தார். ஆனால் அந்த வண்டிக்காரன் பெயரோ நிலைய அதிகாரியின் பெயரோ அவர் எழுத்தில் இல்லை. குற்றத்தின் பெயர் இருக்கிறது, குற்றவாளியின் பெயர் இல்லை.

நவம்பரில் உடல் நலிந்த நிலையிலும் காத்மாண்டில் நடந்த உலக பௌத்தர் மாநாட்டுக்குச் சென்று உரையாற்றினார். டெல்லிக்குத் திரும்பியபின் டிசம்பர் 5ஆம் நாள் இரவு, தம் பௌத்த நூலுக்கு எழுதிய முன்னுரையைத் திருத்துவதற்காகப் படுக்கையருகே வைக்கச் செய்தார். 6ஆம் நாள் காலையில் அவர் உறக்கத்திலேயே உயிர் நீத்திருக்கக் கண்டனர். உடல் விமானத்தில் பம்பாய் கொண்டுவரப்பட்டது. 7ஆம் நாள் மாலை தாதர் கடற்கரையில் பௌத்த முறைப்படி எரியூட்டினர். கடலோரம் முழுவதும் மக்கள் தலைகளாகவே இருந்தன. தந்தையை இழந்த அத்துயரத்திடையே ஒரு கல் எறியப்பட்டிருந்தாலும் நகரம் பற்றியெரிந்திருக்கும். பம்பாயில் தீட்சை விழா நடத்த அவர் நாள் குறித்திருந்தார் என்பதை எவரோ எடுத்துரைக்க, சிதையின் முன்னிலையிலேயே பிக்கு ஆனந்த கௌசல்யாயன் சரணங்களைச் சொல்ல, ஓரிலட்சத்துக்கும் மேற்பட்டோர் அழுதுகொண்டே அவற்றைத் திரும்பச் சொல்லிப் பௌத்தராயினர்.